வாசலை அடைத்த கோலம்

தெளிச்சிட்டேன். சாணி கரைச்ச தண்ணி, வாளி நிறைய, சளார் சளார்னு. தெரு முழிச்சா முழிக்கட்டும். இத்தனை நாளாப் புழுதியும் சருகும் பீடித் துண்டுமாக் கிடந்த வாசல். கல்யாணமாகி வந்த மறுநாள்ல இருந்து நான் குனிஞ்சு நிமிந்த வாசல். செத்த வீட்டு வாசல்ல தண்ணி தெளிக்கக் கூடாது, கோலம் போடக் கூடாதுன்னு சொல்லி, வாசல் கூட்டுத வாரியலைப் பிடுங்கி மாடிப்படிக்கு அடியில எறிஞ்சாரு என் வீட்டுக்காரரு. யாரு செத்தது? என் மக சுபாஷினி. எப்படிச் செத்தா? கோயம்புத்தூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுச் செத்தா. கழுத்துல மாலை போட்டுச் செத்தா. கூட வேலை பாக்க பையன் கலையரசன், நம்ம சாதி இல்லை, நம்மாளுக வீட்டுக்குள்ள விடாத சாதி, அவன் பக்கத்துல நின்னு பல்லு தெரியச் சிரிச்சுச் செத்தா. நேத்து மத்தியானம் எனக்குப் போன் போட்டு அம்மா சாப்ட்டியான்னு கேட்டாளே, அந்தச் செத்த பிள்ளைக்குத்தான் இன்னைக்குக் கருமாதி. குளத்துக்கரையில வச்சு. விடிஞ்சதும் பண்டாரம் வருவாரு, பிண்டத்துக்கு அரிசி, எள்ளு, தர்ப்பை எல்லாம் கொண்டுட்டு வருவாரு. வரட்டும். நானும் ஒரு படி கோலப்பொடி எடுத்துட்டு வந்திருக்கேன்.

புள்ளி வைக்கணும். சின்னதா ஒரு நட்சத்திரக் கோலம் இழுத்துட்டு உள்ள ஓடிருவோமான்னு ஒரு புத்தி சொல்லுது. சீ, அது பயந்தாங்கொள்ளி கோலம். பெருசா வைக்கேன். இந்தப் படியில இருந்து சாக்கடை மேல போட்ட கல்லு வரைக்கும். இடுப்பு வலிக்கு. அன்னைக்கு இதே இடத்துலதான் அவரு நின்னாரு. சேதி வந்த அன்னைக்கு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, குடத்துத் தண்ணியைத் தலையில கவுத்து, தெருக்கோடி வீடு வரைக்கும் கேக்க, எனக்கு மக இல்ல, எம்மக செத்துட்டான்னு கத்தினாரு. மனுசன் வீட்டுக்குள்ள சத்தமாத் தும்மக்கூட மாட்டாரு. அன்னைக்கு அந்தத் தொண்டை எங்க இருந்து வந்துச்சோ. தெருவே வாசலுக்கு வந்து பாத்துச்சு. நான் உள்ள உலையில அரிசி போட்டுட்டு நின்னேன், மூணு பேருக்கு அளந்து போட்டிருந்தேன், அவ வாரேன்னு சொல்லியிருந்தா. சரி, அதை இப்ப எதுக்கு நினைக்கேன். புள்ளியைப் பாரு செண்பகம், வரிசை கோணுது. கோணலை. சரியாத்தான் இருக்கு. நேத்து ராத்திரி சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டு என்ன சொன்னாரு? நாளைக்குக் கருமாதி முடிஞ்சதும் வீட்டைக் கழுவி விட்டு, நாளன்னைக்கே வாசல்ல நல்ல கோலமாப் போட்டுரு, கடை படுத்துக் கிடக்கு, ஆணி வாங்கக்கூட நாதி இல்லைன்னு சொன்னாரு. சொல்லிட்டு ரசம் ஊத்துன்னாரு. ஊத்தினேன். கையில கரண்டி இருந்துச்சு, அதை அவரு மண்டையில போடாம இலையிலதான் ஊத்தினேன், அதுக்கு எனக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம். மகளைக் குளத்துல கரைச்சுட்டு லட்சுமியை வாசலுக்குக் கூப்பிடணுமாம்.

லட்சுமி. அவருக்கு எல்லாம் லட்சுமிதான். இரும்புக்கடைக்காரரு, கம்பியும் பூட்டும் கீலும் விக்க மனுசன், ஆனா காலையில கடைக்குக் கிளம்பையில கோலத்தை ஒரு தடவை நின்னு பாக்காமப் போக மாட்டாரு. ஓரமா, சுவரை ஒட்டி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, ஒரு கோடு மேல கால் படாமப் போவாரு. ஒருநா காத்துல வேட்டி நுனி உரசி ஒரு இதழ் கலைஞ்சுபோச்சு, திரும்பி வந்து தண்ணி குடிச்சு, சாமி கும்பிட்டு, அப்புறந்தான் கடை திறந்தாரு. கோலத்தை மிதிச்சா வந்த லட்சுமி திரும்பிருவாளாம். சுபா பிறந்தது வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு, மகாலட்சுமியே வந்துட்டான்னு கண்ணைத் துடைச்சவரும் இதே ஆளுதான். அந்த மகாலட்சுமிக்குக் கோலம் சுட்டுப் போட்டாலும் வராது. கோழி கிளறின மாதிரி இழுப்பா. ஏம்மா, உங்க லட்சுமிக்கு அட்ரஸ் தெரியாதா, தினம் தினம் தரையில வழி எழுதிக் காட்டணுமான்னு கேப்பா. வாய். அந்த வாயி என்னையக் கொண்டு. எனக்கு வெளிய வராத வாயெல்லாம் சேந்து அவளுக்குப் போயிருச்சு. நானும் கேக்கேன் இப்ப. ஏம்மா லட்சுமி, நீ வாசப்படியில நின்னு, இது எந்தச் சாதி வீடுன்னு விசாரிச்சுட்டா உள்ள வாரே? இன்னைக்குப் பாக்கேன், நீ யாரு பக்கம்னு.

கோட்டை இழுக்க ஆரம்பிச்சுட்டேன். சிக்குக் கோலம். எடுத்த இடத்துக்கே வந்து முடியணும், நடுவுல ஒரு புள்ளி வெளிய நின்னா கோலம் இல்லை. மனசு அங்க போகுது, இங்க போகுது, கை மட்டும் தானாச் சுத்துது. மதினி சொன்னது வந்து மாட்டிக்கிட்டு நகர மாட்டேங்கு. கோமதி மதினி, என் வீட்டுக்காரரோட அக்கா, இந்த வீட்டுல உப்புக்கும் புளிக்கும் அவ வச்சதுதான் சட்டம். அடுப்படியில என்னைய உக்கார வச்சு, தலையைத் தடவிக்கிட்டே சொன்னா, ஏளா, வெட்டிப் போடாம தலைமுழுகி விட்டானே எந்தம்பி, அதை நினைச்சு சந்தோசப்படு, கருமாதி முடிஞ்சுட்டா அவ செத்தவ, செத்தவளைத் தேடி யாரு போகப் போறா, அவ பாட்டுக்கு எங்கிட்டும் கிடக்கட்டும். தலையைத் தடவின கை இன்னும் தலையிலயே இருக்க மாதிரி இருக்கு. அப்போ கருமாதி வச்சாத்தான் எம்பிள்ளைக்கு உசிரா? அப்போ நான் இந்தக் கோலத்தைப் போட்டு, கருமாதி நின்னு, அப்புறம்... குளத்துக்கரையில வந்து நிப்பானுகளே அவரு வகையறா, மீசையும் கைலியுமா, அவனுக சும்மா இருப்பானுகளா? இருக்க மாட்டானுகளா? அய்யோ, கோடு போன புள்ளிக்கே திரும்பப் போகுது. நிறுத்து. மூச்சு விடு. அவரு வெட்டுவாரா? கோழி அறுக்கையில முதுகைக் காட்டி நிக்க மனுசன். அவனுக? அவனுகளுக்கு ஒரு சொல்லு வேணும். அப்பனே மக செத்துட்டான்னு சொல்லிட்டான், அவளுக்கு இனி கேக்க நாதி கிடையாது, அந்தச் சொல்லு. கேக்க நாதியில்லாத பிள்ளை மேலதான எவன் கையும் நீளும்! இத்தனை நாளா இது எனக்கு ஏன் தோணலை? கருமாதி எம்பிள்ளையைக் காப்பாத்தாது மதினி. எம்பிள்ளை தலைக்கு மேல இருக்க கூரையைப் பிரிச்சுப் போடுதது அது. அவளுக்கு அப்பன் இருக்கான், ஆத்தா இருக்கா, அவளைத் தொட்டா இந்த வீடு கேக்கும்னு ஊருக்குத் தெரியணும். அப்பத்தான் அவ பிழைப்பா. இந்தா, புள்ளி உள்ள வந்துருச்சு. வராம எங்க போகும்.

நேத்து குளியலறைக்குள்ள நின்னுதான் பேசினேன், குழாயைத் திறந்துவிட்டுட்டு, என் வீட்டுல நானே திருடி மாதிரி. சாப்ட்டியான்னா. சாப்ட்டேன்னேன். நீ? சாப்ட்டேம்மா, அவங்க சமைச்சாங்க, உப்புதான் தூக்கல்னா. சிரிச்சா. அம்மா, என் போட்டோவைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலின்னு யாரோ அனுப்பியிருக்காங்க, என் கூட படிச்ச பிள்ளைக எல்லாம் போன் பண்ணி நிஜமான்னு கேக்காங்க, நான் உசிரோடதான் இருக்கேன்னு நானே ஒவ்வொருத்தியாச் சொல்லிட்டிருக்கேன்னா. அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. பிறகு குரலு ஒரு மாதிரி ஆயிருச்சு. உனக்குமாம்மா? உனக்கும் நான் செத்துட்டேனாம்மா? வாயைத் திறந்தேன், அதுக்குள்ள கதவைத் தட்டிட்டாரு. என்ன அம்புட்டு நேரம் தண்ணி போகுதுன்னு. தண்ணி போகுதாம், தண்ணி! போனை அமத்திட்டேன். அவ கேட்டது அப்படியே நின்னுபோச்சு. ராத்திரி பூரா என் காதுலயே நின்னுச்சு. எம்பிள்ளை பதிலுக்குக் காத்துக்கிட்டு அந்த ஊருல முழிச்சுக் கிடந்திருப்பா. காலையில எந்திச்சதும் மாடிப்படிக்கு அடியில போயி வாரியலைத் தேடி எடுத்தேன்.

எதிர்வீட்டு ஜெயக்கொடி பால் பாத்திரத்தோட வெளிய வந்தா. வந்தவ அப்படியே நிக்கா. "என்னக்கா இது? இன்னைக்கு உங்க வீட்டுல..." "இன்னைக்கு எங்க வீட்டுல என்ன?" "இல்ல, அண்ணாச்சி நேத்து எல்லாருக்கும் சொன்னாங்களே." "சொல்லுவாரு. உனக்கு சுபாவைத் தெரியுமா தெரியாதா?" "தெரியாம என்னக்கா, எங்கண்ணு முன்னால வளந்த பிள்ளை." "அவளுக்கு உடம்புக்கு எதுவும் முடியலைன்னு கேள்விப்பட்டியா?" ஜெயக்கொடி உதட்டைக் கடிச்சா. சிரிப்பா பயமான்னு தெரியலை. "நல்லாத்தான இருக்கு அது," அப்படின்னு மெதுவாச் சொல்லிட்டு, பால் வாங்கப் போகாம அங்கனயே நின்னுட்டா. நில்லு தாயீ. நீ பாக்கணும்னுதான் போடுதேன். கோலம் வீட்டுக்காரங்களுக்கா போடுதோம்? உள்ள இருக்க ஆளு எட்டிப் பாத்தாத் தலைகீழாத்தான் தெரியும். தெருவுல போறவளுக்குத்தான் நேரா இருக்கும்.

கடைசிக் கோட்டைச் சேத்துட்டு நிமிந்தேன், மதினி வந்து நிக்கா. பட்டுக்கரையில வெள்ளைச் சேலை, கையில மஞ்சப்பை. கத்தப் போறா, தலைமுடியைப் பிடிக்கப் போறான்னு பாத்தா, ஐயோ, அவ முகம் அப்படியே இளகிப்போச்சு. "நல்ல காரியம் பண்ணினே செண்பகம்," அப்படின்னா. "எப்படா தீட்டைக் கழுவுவா, எப்படா இவ மனசு தேறும்னு நான் வேண்டாத சாமி இல்ல. ஒருநா முந்திப் போட்டுட்டே, அதுனால என்ன, போன சனியன் போச்சு, இனி இந்த வாசல்ல நல்லதுதான் வரும்." சொல்லிட்டு, சுவரோரமாக் கோலத்துல கால் படாம உள்ள போயிட்டா. என் கன்னத்தை வேற ஒரு கிள்ளு. எனக்குத் தலை சுத்திருச்சு. சவத்த, இப்படி ஒரு கூத்து உண்டா! எம்பிள்ளை உசிரோட இருக்கான்னு நான் வாசல்ல எழுதிப்போட்டா, செத்தவளைக் கழுவிவிட்டுட்டேன்னு வாசிச்சுட்டுப் போறா. அவ மேலயும் தப்பில்லை. செத்த வீட்டுல தீட்டுக் கழிஞ்சாலும் இதே கோலந்தான் போடுவோம், நல்ல நாளைக்கும் இதேதான் போடுவோம். வெள்ளைப் பொடிக்குத் தன் வாயால எதையும் சொல்லத் தெரியலை. இத்தனை குனிஞ்சும் நான் அவுகளுக்கே கோலம் போட்டுக் கொடுத்திருக்கேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுவியா இப்ப? அழுதா மூக்கை உடைப்பேன் உன்னைய. யோசி. எதைப் போட்டா எந்தக் கோமதிக்கும் மாத்தி வாசிக்க முடியாது? காவி. கல்யாண வீட்டுக் காவி. தீட்டுக் கழிஞ்ச வீட்டுல எவளும் காவிப் பட்டை அடிக்க மாட்டா. பெண்ணைக் கட்டிக் கொடுக்க வீட்டு வாசலுக்குத்தான் அது.

உள்ள போனேன். மதினியும் அவரும் சாமி அறையில. நடு வீட்டுல ஸ்டூல் மேல சுபா போட்டோ, காலேஜ்ல எடுத்தது, அதுக்கு மேல ஒரு செவந்தி மாலை, பக்கத்துல விளக்கு. மாலை ஈரமா இருந்துச்சு, இப்பத்தான் போட்டிருக்காரு. கழட்டினேன். போட்டோவை என் சேலைத் தலைப்பால துடைச்சு இடுக்கிக்கிட்டேன். பரண்ல இருந்து காவிக்கட்டியை எடுத்துக் கிண்ணத்துல கரைச்சேன். விரலெல்லாம் செவப்பு. திரும்ப வெளிய வந்து, போட்டோவை ஜெயக்கொடி கையில கொடுத்து, "பிடி, கீழ வைக்காத,"ன்னேன். அவ பால் பாத்திரத்தைக் கீழ வச்சுட்டு ரெண்டு கையாலயும் வாங்கினா. கோலத்தைச் சுத்திப் பட்டை இழுத்தேன். அது போதலை. இந்தப் பக்கச் சுவருல இருந்து அந்தப் பக்கச் சுவரு வரைக்கும் மணமேடைக்குப் போடுத படிக்கோலம், பட்டை பட்டையா, மூலைக்கு மூலை தாமரை, அதுக்கு மேல காவி. மதினி கால் வச்சுப் போனாளே சுவரோரம், அதையும் அடைச்சேன். படியை ஒட்டி ஒரு வரிசை. சாக்கடைக் கல்லு மேல ஒரு வரிசை. இனி ஒரு கால் வைக்க இடம் கிடையாது. பின்னால வேற வாசலும் கிடையாது எங்க வீட்டுக்கு, ரெண்டு பக்கமும் பின்னாலயும் அடுத்த வீட்டுச் சுவருதான். என் கையா இது, இவ்வளவு வேகமா. அவ கல்யாணத்துக்கு நான் போட முடியாமப் போன கோலம் அத்தனையும் கைக்குள்ளயே இருந்திருக்கு, சனியன், இத்தனை நாளும் அதுதான் என்னையத் தூங்க விடலை.

பண்டாரம் சைக்கிளை நிறுத்திட்டுத் தெருவுலயே நின்னுட்டாரு. பையை மாத்தி மாத்திப் பிடிக்காரு. "அண்ணாச்சி," அப்படின்னு உள்ள பாத்துக் குரல் கொடுக்காரு, "என்ன அண்ணாச்சி, கல்யாணக் காவி போட்டிருக்கு? நான் எள்ளும் பிண்ட அரிசியுமா வந்திருக்கேன். இந்த வாசல்ல இதைக் கொண்டு ஏற முடியாது, எம்பிழைப்பு விளங்காது." அவரு வெளிய வந்தாரு. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு, சவரம் பண்ணாத மூஞ்சி. படியில நின்னு கீழ பாத்தாரு. கால் தன்னால பின்னுக்குப் போச்சு. "ஏட்டி, என்ன இது?" "கோலம்." "கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? அழி." "நான் அழிக்க மாட்டேன். நீங்க மிதிச்சுட்டுப் போங்க. குளத்துக்கரையில ஆளு காத்திருக்கு, போங்க." மதினி பின்னாலயே ஓடியாந்தா, பாத்தா, நெஞ்சுல கையை வச்சா, இப்பத்தான் சரியா வாசிக்கா. "அடிப் பாதகத்தி!" உள்ள போயி வாளித் தண்ணியைத் தூக்கிட்டு வந்தா. நான் நகரலை. ஊத்தட்டும், திரும்பப் போடுவேன், திரும்ப ஊத்தட்டும், திரும்பப் போடுவேன், பொடி தீந்தா அரிசி மாவுல போடுவேன், அதுவும் தீந்தா இந்த விரலாலயே வெறுந்தரையில போடுவேன். மதினி வாளியைச் சாய்க்கையில, "அக்கா!"ன்னு அவரு கையைப் பிடிச்சுட்டாரு. "வேண்டாம்க்கா. காவிக்கோலம். கழுவாத. ஏற்கனவே கடை..." அதுக்கு மேல சொல்லலை. மகளுக்காக இல்லை, கடைக்காகத்தான் பிடிச்சாரு. எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருசமாச் சோறு போடுதேன். இருக்கட்டும். எதுக்காகப் பிடிச்சாலும் பிடிச்ச கை பிடிச்ச கைதான்.

தெருவுல ஒவ்வொரு கதவாத் திறக்கு. அவரு பண்டாரத்தைப் பாத்து, நாக்குக் குழற, "நீங்க போயிட்டு வாங்க, இன்னைக்கு நாள் சரியில்லை," அப்படின்னாரு. "நாள் நல்லாத்தான் இருக்கு," அப்படின்னேன் நான். நானா பேசுதேன்னு எனக்கே இருந்துச்சு. "எம்மக நல்லா இருக்கா, அதான் கருமாதி இல்லைன்னு சொல்லுங்க. அதைச் சொன்னீகன்னா எங்கையாலேயே உங்களுக்கு வழி துடைச்சு விடுதேன், கடைக்குப் போங்க. சொல்லலைன்னா அந்தப் படியிலேயே நில்லுங்க, சாயந்தரம் வரைக்கும் நில்லுங்க." மதினி ஒப்பாரி வைக்க மாதிரி என்னமோ சொல்லுதா, யாரு காதுலயும் ஏறலை. அவரு தரையைப் பாக்காரு. காவிப் பட்டையைப் பாக்காரு. எதிர்ல ஜெயக்கொடி கையில இருக்க போட்டோவைப் பாத்தாரு, மாலை இல்லாத போட்டோ, பாத்துட்டுக் கண்ணை எடுத்துக்கிட்டாரு. "எம்மக நல்லாருக்கா," அப்படின்னாரு. எனக்கே அரைகுறையாத்தான் கேட்டுச்சு. "கேக்கலை,"ன்னேன். "செண்பகம்..." "செத்துட்டான்னு சொல்லையில தெருக்கோடி வீடு வரைக்கும் கேட்டுச்சுல்ல." அவரு கண்ணு கலங்கிருச்சு, ஆனாலும் நான் ஒரு கோட்டைக்கூடத் துடைக்கலை. "எம்மக உசிரோட இருக்கா," அப்படின்னு அவரு கத்தினாரு, ஜெயக்கொடி வீட்டுச் சன்னல் வரைக்கும் அது போச்சு. "இன்னும் சத்தமா,"ன்னேன்.